தராசைத் திருப்பச் சொன்னால் ஒடாசிட்டியா?

(வாகரையில் நடந்த மலையக, கிழக்குத் தொழிலாளர் குடும்பங்களின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இரவு முழுக்கக் குலுங்கி வந்த களைப்பு உங்கள் முகத்தில் தெரிகிறது. பனிச்சங்கேணிப் பாலத்தில் ஏறியதும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்ததில் பஸ்ஸும் கொஞ்சம் சாய்ந்தது. பாதிப் பேர் களப்பை இன்றுதான் முதன்முறையாகப் பார்க்கிறார்கள். ஆகவே நீளமாகப் பேசப் போவதில்லை. ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றி மட்டும் பேசுகிறோம். பாடம் நடத்துகிறோம் என்று கோபிக்க வேண்டாம். படிப்பிக்கிற தொழில் எங்களை விடாது.

போன வருடம் ஒரு தோட்டத்தில் நடந்தது இது. தோட்டத்தின் பெயர் வேண்டாம். அந்த அக்கா இன்னும் அங்கேதான் கொழுந்து பறிக்கிறார். பின்னேரம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் தராசின் முகம் எப்போதும் நிறுக்கிறவரின் பக்கம்தான் இருக்கும். அவர் சொல்லுகிற எண்தான் எண். சாக்குக்கு இவ்வளவு, தண்ணிக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டு மிச்சத்தைப் புத்தகத்தில் போடுவார்கள். கிலோ குறைந்தால் அரைப் பேர். அன்றைக்கு இந்த அக்கா, "ஐயா, தராசைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க, நானும் பாக்குறேன்" என்று கேட்டிருக்கிறார். சத்தம் போடவில்லை, கூடையை எறியவில்லை. கேட்டது மட்டும்தான்.

மூன்றாம் நாள் அவர் கையில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். முழுக்க ஆங்கிலம். வகுப்பு ஒன்பதில் படிக்கிற மகன் எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டு போய், ஓர் இடத்தில் நின்றுவிட்டான். அடுத்த நாள் கடிதத்தை எங்கள் வகுப்புக்கே கொண்டுவந்தான். அவன் நின்ற இடத்தில் இருந்த சொல், ஒடாசிட்டி. பின்வாங்கில் இருந்த ஒருவன், "ஓடாத சிட்டா சேர்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எங்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அகராதியைப் பிரித்தோம். அதில் இரண்டு பொருள் போட்டிருந்தது. ஒன்று துணிச்சல். மற்றது துடுக்கு, மரியாதை கெட்டதனம். பிள்ளைகள் குழம்பினார்கள். "அப்படியென்றால் அம்மாவைப் புகழ்ந்தா எழுதியிருக்கிறார்கள்?" என்று மகன் கேட்டான்.

இந்தச் சொல் அப்படிப்பட்டதுதான். இலத்தீன் மொழியில் 'துணிதல்' என்று பொருள்படும் வினையிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. 1792இல் பாரிஸ் நகரை எதிரிப் படைகள் நெருங்கியபோது, தாந்தோன் என்ற புரட்சித் தலைவர் மக்களிடம் கேட்டது இதைத்தான். ஒரே பேச்சில் அந்தச் சொல்லையே திரும்பத் திரும்பச் சொன்னார். பராக் ஒபாமா ஜனாதிபதியாக வருவதற்கு முன், 2006இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலும் இது இருக்கிறது. அங்கே நம்பிக்கை வைப்பதற்கே ஒரு துணிச்சல் வேண்டும் என்ற கருத்து. ஒரு கம்பனி பெரிய திட்டம் ஒன்றைப் போட்டால், அதைப் புகழ இதன் தங்கைச் சொல்லான 'ஒடேஷியஸ்' என்பதை எழுதுவார்கள். ஆனால் 'இன்னதைச் செய்ய அவருக்கு ஒடாசிட்டி இருந்தது' என்று ஆங்கிலத்தில் எழுதினால், அநேகமாக அது திட்டுத்தான். நம் ஊரில் 'என்ன திமிர்' என்பார்களே, அது.

எது புகழ், எது திட்டு என்று கண்டுபிடிக்க இலக்கணம் தேவையில்லை. யார் யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்று பாருங்கள். மேலே இருக்கிறவர் செய்தால் துணிச்சல், கீழே இருக்கிறவர் செய்தால் துடுக்கு. தமிழிலும் நாம் அப்படித்தான் பேசுகிறோம், ஆங்கிலத்தை மட்டும் குற்றம் சொல்லக்கூடாது. மகன் எதிர்த்துக் கேட்டால் 'ஆம்பிளைப் பிள்ளை, தைரியம்' என்கிறோம். மகள் கேட்டால் 'வாய்க்கொழுப்பு'. ஏன், இங்கே இருக்கிற தலைவர்மாரே, கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து சந்தாக் கணக்கைக் கேட்டால் உங்கள் முகம் எப்படிப் போகிறது என்று நாங்கள் பார்த்திருக்கிறோம்.

நாளொன்றுக்கு ஆயிரம் ரூபா என்று 2015இல் கேட்டபோது எத்தனை பேர் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள்! அடுத்த வருட ஒப்பந்தத்தில் 730 ரூபாதான் வந்தது. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் ஆயிரம் வந்தபோது சாமான் விலை எங்கேயோ போயிருந்தது. அதைப் பேசினால் பொழுது போய்விடும், விடுவோம்.

தமிழில் துணிவு என்ற சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். துணி என்றால் வெட்டு, துண்டாக்கு. வெட்டி எடுத்த துண்டு என்பதால்தான் நாம் உடுத்துவதும் துணி. துணிதல் என்றால் முடிவெடுத்தல். அதாவது யோசனையை ஓர் இடத்தில் வெட்டி, இதுதான் என்று தீர்ப்பது. வள்ளுவரும் ஆராய்வதை முன்னால் வைத்துத் துணிவதைப் பின்னால்தான் வைக்கிறார். ஆங்கிலச் சொல்லில் பாய்ச்சல் இருக்கிறது. நம் சொல்லில் கணக்கு இருக்கிறது. எங்களுக்கு நம் சொல்தான் பிடிக்கிறது.

துணி என்றதும் கோ. நடேசய்யர் நினைவுக்கு வருகிறார். வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலம். ஆனால் புடைவை வியாபாரிகளை உள்ளே விடுவார்கள். தஞ்சாவூரிலிருந்து வந்த அந்தப் பத்திரிகைக்காரர் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு, வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் போய் எங்கள் பாட்டன்மார் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்த்தார். பிறகு 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று ஹட்டனில் சம்மேளனம் அமைத்தார். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் மக்கள் முன்னால் நின்று பாடினார். வாசலை உடைக்காமல், எந்த வாசல் திறந்திருக்கிறது என்று பார்த்துப் போனவர்கள் அவர்கள்.

ஆனாலும் எண்ணித் துணிந்தவர்களுக்கு ஆபத்து வராது என்று பிள்ளைகளுக்குப் பொய் சொல்ல மாட்டோம். 1940 ஜனவரி 10ஆம் திகதி, ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தபோது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் இறந்தார். அதை விசாரிக்க ஆணைக்குழு வைத்தார்கள். கோவிந்தனின் மனைவிக்காகச் சட்டத்தரணி கொல்வின் ஆர். டி. சில்வா வாதாடினார். ஒரு லயத்துப் பெண்ணின் சார்பில், சுட்டவர்களைக் குறுக்குக் கேள்வி கேட்கிற காரியம் அந்தக் காலத்தில் நடந்தது. 1977 மே மாதம் தோட்டக் காணியைப் பிடுங்க வந்ததை எதிர்த்தபோது டெவனில் சிவனு லட்சுமணன் சுடப்பட்டார். அதே வருடம் ஓகஸ்டில் கலவரம். அப்போதும் அதற்குப் பிறகும் மலையை விட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் வந்த எத்தனையோ குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு இங்கே வந்திருக்கிறீர்கள். உங்கள் தாத்தாமார் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டதற்கு எந்தச் சொல்லைப் போடுவது என்று எங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை.

இன்று விடிய கடற்கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கேட்டோம். "இரவில் தனியாகக் கடலுக்குப் போறீங்களே, பெரிய துணிச்சல் இல்லையா?" அவர் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார். "காத்தப் பாத்துத்தானே தம்பி வள்ளம் தள்ளுவம். வாடைக்கு ஒரு கணக்கு, கச்சானுக்கு ஒரு கணக்கு. கணக்கில்லாமப் போறவன் திரும்பி வாறல்ல" என்றார்.

சரி, அந்தக் கடிதத்துக்கு வருவோம். செய்தி பரவியதும் நாலு இளைஞர்கள் தராசையே உடைத்துவிடலாம் என்று வந்தார்கள். அதுவும் ஒடாசிட்டிதான், அகராதியில் இடமிருக்கிறது. ஆனால் உடைத்திருந்தால் பேச்சு முழுக்க உடைந்த தராசைப் பற்றியே போயிருக்கும், களவு போன கிலோவை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நாங்கள் டவுனில் ஒரு தொங்கு தராசு வாங்கிக் கொடுத்தோம். எட்டு அக்காமார் ஆறு நாள், மலையிலிருந்து இறங்குமுன் மரத்தடியில் தங்கள் கொழுந்தைத் தாங்களே நிறுத்தார்கள். மகனுடைய பழைய கணக்குக் கொப்பியில் திகதி, மலை நம்பர், எங்கள் தராசில் எவ்வளவு, அவர்கள் தராசில் எவ்வளவு என்று நாலு நிரல் போட்டு எழுதினார்கள். சில நாள் இரண்டு கிலோ வித்தியாசம், சில நாள் மூன்று.

பிறகு பதில் எழுதினோம். தமிழில், அரைப் பக்கம். துடுக்கில்லை, மரியாதைக் குறைவில்லை என்று அந்தச் சொல்லோடு மல்லுக்கட்டவே இல்லை. "தராசைப் பார்க்கக் கேட்டது உண்மை. காரணம் இணைப்பில் உள்ளது" என்று எழுதி, கொப்பியின் பிரதியை வைத்தோம். விசாரணை நாளில் அந்த அக்கா தானே பேசினார். தலைவர் பக்கத்தில் இருந்தார், வாய் திறக்கவில்லை. அது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவரைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

தராசு இப்போது திரும்பியிருக்கிறது, பறிக்கிறவர் பார்க்கலாம். முன்பு கழித்த கிலோவுக்குக் காசு வரவில்லை. கடிதத்தையும் மீளப்பெறவில்லை, அவருடைய கோப்பில் அந்தச் சொல் இன்னும் இருக்கிறது. அதை எடுக்க வேண்டும் என்று இரண்டாவது கடிதம் போட்டிருக்கிறோம்.

உங்களுக்கும் இப்படிக் கடிதம் வரும். விளங்காத மொழியில் வந்தால் தமிழில் தரச் சொல்லிக் கேளுங்கள். கையெழுத்துக் கேட்டால் 'கடிதம் கிடைத்தது' என்று எழுதி, திகதி போட்டு, அதற்குக் கீழே மட்டும் வையுங்கள். அன்றிரவே யாராவது வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள், பதில் சொல்லக் கொடுத்திருக்கிற நாள் முடிந்தபிறகு கொண்டுவந்து அழ வேண்டாம்.

பையில் கடிதத்தோடு வந்திருக்கிறவர்கள் ஐந்து பேராவது இருப்பீர்கள் என்று தெரியும். சாப்பிட்டுவிட்டு விறாந்தைப் பக்கம் வாருங்கள். அகராதி கொண்டுவந்திருக்கிறோம், கொப்பியும் இருக்கிறது.