மூதாதையர் வீட்டில் விருந்தாளி



2010 ஆம் ஆண்டு, கிறிஸ்தவர்களின் புனித வாரத்தில், ஆஸ்திரியா நாட்டிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம் இளைஞர்கள் ஸ்பெயின் தேசத்திற்குச் சுற்றுப்பயணம் சென்றார்கள். இஸ்லாமிய நாகரிகம் ஐரோப்பாவில் விட்டுச் சென்ற சின்னங்களை நேரிற் காண்பது அவர்களுடைய நோக்கம். கொர்டோபா நகரத்தில் உலகப் புகழ் பெற்ற பழைய பள்ளிவாசல் ஒன்று உண்டு. 1236 முதல் அது கிறிஸ்தவப் பேராலயமாக இருந்து வருகிறது. அதன் தூண்களுக்கிடையே நின்ற இளைஞருள் சிலர் அங்கேயே தொழத் தொடங்கினார்கள். அங்கே முஸ்லிம்களின் தொழுகைக்கு அனுமதி இல்லை. காவலர்கள் தடுத்தார்கள், வாக்குவாதம் கைகலப்பாக முற்றியது, போலீசார் வரும்படி ஆயிற்று. செய்தி பல நாடுகளிலும் பரவியது.

அந்நிகழ்ச்சியில் யார் பக்கம் தவறு என்று தீர்ப்புக் கூற நான் முன்வரவில்லை. நடந்ததை இரு சாராரும் இரு விதமாகவே கூறினார்கள். ஆனால் அது எழுப்பிய கேள்வியை மாணவர்களாகிய நீங்கள் சிந்தித்தே ஆக வேண்டும். முன்னோர் கட்டிய வீட்டில் இன்று வேறொருவர் குடியிருக்கிறார். அதைக் காணச் செல்லும் பேரன் எந்த மனத்தோடு வாயிற்படியை மிதிக்க வேண்டும்?

முதலில், அவ்விளைஞர்கள் ஏன் அங்கே போகிறார்கள் என்று பார்ப்போம். ஐரோப்பிய நகரங்களில் பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடம் சென்று, அந்நாட்டு மொழியையே பேசி வளரும் முஸ்லிம் பிள்ளைகள் பலர். ஆயினும், "உன் ஊர் எது?" என்னும் கேள்வியை அவர்கள் அடிக்கடி கேட்க நேர்கிறது. அவர்களுக்கு ஸ்பெயின் ஒரு விடை தருகிறது. 711 இல் முஸ்லிம்கள் அந்நாட்டில் கால் வைத்தார்கள். 1492 ஜனவரி 2 ஆம் நாள் கிரானடா நகரம் கிறிஸ்தவ அரசர்களிடம் ஒப்படைக்கப்படும் வரை, ஏறத்தாழ 780 ஆண்டுகள், அங்கே முஸ்லிம் ஆட்சி ஏதோ ஒரு பகுதியிலேனும் நிலவியது. "நாங்கள் நேற்று வந்தவர்கள் அல்லர்" என்று சொல்ல விரும்பும் இளைஞனுக்கு இது பெரிய ஆறுதல் அன்றோ?

ஆறுதல் வேண்டியதுதான். ஆனால் ஆறுதலுக்காக மட்டும் சரித்திரத்தைத் தேடிச் செல்பவன் பாதியைக் கண்டு திரும்புவான். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு ஒன்றை வற்புறுத்திச் சொல்லிக் கொடுத்தார்கள். கல்விச் சுற்றுலா என்பது விடுமுறை அன்று. அது வகுப்பறைக்கு வெளியே நடக்கும் பாடம். புறப்படுமுன் ஆயத்தம், போன இடத்தில் உற்று நோக்கல், திரும்பி வந்தபின் மனத்தில் ஊன்றல் என்று அதற்கு மூன்று பகுதிகள் உண்டு. அம்முறைப்படி அந்தப் பயணத்தை நாமும் இங்கிருந்தபடியே நடத்திப் பார்ப்போம்.

கொர்டோபா பள்ளிவாசலை எழுப்பத் தொடங்கியவர் முதலாம் அப்துர் ரஹ்மான். 750 இல் டமாஸ்கஸில் உமய்யா வமிசத்தின் ஆட்சி கவிழ்ந்தது. உறவினர் பலர் கொல்லப்பட்டனர். இருபது வயதளவே ஆன இவ்விளைஞர் உயிர் தப்பி, வட ஆப்பிரிக்கா வழியாக அலைந்து, 756 இல் கொர்டோபாவில் அரசரானார். அகதியாக வந்த ஒருவர் எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அடிகோலிய கட்டடம் அது. அவருக்குப் பின் வந்தோர் இருநூறு ஆண்டுகள் அதனை மேலும் மேலும் விரித்தனர்.

உள்ளே சென்றால் எண்ணூறுக்கு மேற்பட்ட தூண்கள் தோப்புப் போல நிற்கின்றன. அவற்றை உற்று நோக்குங்கள். எல்லாம் ஒரே நிறமல்ல, ஒரே அளவுமல்ல. அவற்றுட் பல ரோமானியரும் விசிகோத்தியரும் எழுப்பிய பழைய கட்டடங்களிலிருந்து எடுத்து வந்தவை. அத்தூண்கள் குட்டையானவை, அவற்றின்மீது கூரையிட்டால் மண்டபம் தாழ்ந்துவிடும். கட்டடக் கலைஞர் என்ன செய்தார்? ஒரு வளைவின் மேல் மற்றொரு வளைவை அமைத்துக் கூரையை உயர்த்தினார். சிவப்புச் செங்கல்லும் வெண்ணிறக் கல்லும் மாறி மாறி வரும் அவ்விரட்டை வளைவுகளே இன்று அக்கட்டடத்தின் புகழுக்குக் காரணம். பத்தாம் நூற்றாண்டில் இரண்டாம் ஹகம் என்னும் கலீபா மிஹ்ராபைப் பொன்னிறக் கண்ணாடிச் சில்லுகளால் அலங்கரிக்க விரும்பினார். அதற்கான சில்லுகளும் கைதேர்ந்த கலைஞரும் கான்ஸ்டாண்டினோபிளின் கிறிஸ்தவப் பேரரசரிடமிருந்து வந்ததாக அரபுச் சரித்திர ஆசிரியர் கூறுகின்றனர். ஆகவே, இஸ்லாமியக் கலையின் சிகரம் எனப்படும் அவ்விடத்திலேயே ரோமானியனின் கல்லும் கிறிஸ்தவனின் கைவேலையும் கலந்து நிற்கின்றன. பிறரிடம் கற்க வெட்கப்படாதவர்களே அப்பெருமையைக் கட்டினார்கள். முதற்பாடம் இது.

இரண்டாவது பாடம் கசப்பானது. அதனை மறைத்தல் கூடாது. பதினாறாம் நூற்றாண்டில், பள்ளிவாசலின் நடுப்பகுதியை இடித்து ஒரு பேராலய மண்டபத்தை எழுப்பினார்கள். கிரானடா சரணடைந்தபோது முஸ்லிம்களின் மதத்திற்குத் தீங்கு நேராது என்று உடன்படிக்கை எழுதப்பட்டது. பத்தாண்டுகூடச் செல்லுமுன் அவ்வாக்குறுதி காற்றிற் பறந்தது. அரபு நூல்கள் நகரச் சதுக்கத்தில் எரிக்கப்பட்டன. மக்கள் மதம் மாற வற்புறுத்தப்பட்டனர். மதம் மாறிய முஸ்லிம்களின் சந்ததியாரையும் 1609 முதல் 1614 வரை நாட்டை விட்டே வெளியேற்றினார்கள். யூதர்களோ 1492 இலேயே துரத்தப்பட்டனர். இவற்றையெல்லாம் படித்த பின் அத்தூண்களிடையே நிற்கும் இளைஞனுக்கு நெஞ்சு கனக்காமல் இருக்குமா? கனக்கத்தான் வேண்டும்.

ஆனால் அதே நெஞ்சை ஸ்பெயினிலிருந்து இஸ்தான்புல் நகரத்திற்கும் ஒரு கணம் கொண்டு செல்லுங்கள். அங்கே ஆயா சோபியா நிற்கிறது. 537 இல் கிறிஸ்தவத் தேவாலயமாகத் திறக்கப்பட்டது. 1453 இல் துருக்கியர் நகரைக் கைப்பற்றியதும் பள்ளிவாசலாயிற்று. இருபதாம் நூற்றாண்டில் காட்சிசாலையாகி, 2020 இல் மறுபடியும் பள்ளிவாசலாயிற்று. அதன் கூரையின்கீழ் நிற்கும் ஒரு கிரேக்கக் கிறிஸ்தவ இளைஞனின் உள்ளம் எப்படியிருக்கும் என்று அறிய வேண்டுமா? கொர்டோபாவில் நின்ற முஸ்லிம் இளைஞனைக் கேளுங்கள், அவன் சொல்வான். தன் துயரத்தைக் கொண்டு பிறன் துயரத்தை அளக்கத் தெரிந்துகொண்டவனுக்குச் சரித்திரம் பயன்பட்டது என்று பொருள். தன் துயரத்தை மட்டுமே எண்ணிக்கொண்டிருப்பவனுக்கு அது நஞ்சாகும்.

இனி மூன்றாவது பாடம். கட்டடம் கைமாறியது; அறிவு என்ன ஆயிற்று? கொர்டோபாவை அடுத்த பகுதியில் வாழ்ந்த அல் ஸஹ்ராவி என்னும் மருத்துவர் முப்பது பகுதிகள் கொண்ட மருத்துவ நூல் ஒன்றை எழுதினார். அறுவை மருத்துவக் கருவிகளை அதிலே படங்களுடன் விளக்கினார். 1085 இல் டொலிடோ நகரம் கிறிஸ்தவர் வசமாயிற்று. வென்றவர்கள் அங்கே கண்ட அரபுச் சுவடிகளைத் தேடிப் படித்தார்கள். இத்தாலியிலிருந்து ஜெரார்டு என்னும் அறிஞர் வந்து அரபு கற்று, 1187 இல் இறக்குமுன் எழுபதுக்கும் மேற்பட்ட நூல்களை இலத்தீனில் மொழிபெயர்த்தார். ஸஹ்ராவியின் அறுவை மருத்துவமும் அவற்றுள் ஒன்று. பின்னர்ப் பல நூற்றாண்டுகள் ஐரோப்பிய மருத்துவர் அதனைப் பயின்றனர்.

கொர்டோபாவில் 1126 இல் பிறந்த இப்னு ருஷ்து என்னும் தத்துவ அறிஞரின் கதை இன்னும் வியப்பானது. நீதிபதியாகவும் அரச மருத்துவராகவும் இருந்த அவர் அரிஸ்டாட்டிலின் நூல்களுக்குப் பேருரை கண்டார். முதுமையில் முஸ்லிம் அரசரே அவரை நாடு கடத்தினார். அவருடைய தத்துவ நூல்கள் தீக்கிரையாயின. புத்தகத்தை எரித்த குற்றம் ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதன்று என்பதைக் கவனியுங்கள். அவருடைய உரைகளிற் சில இன்று அரபு மூலத்தில் இல்லை. யூதர்களின் ஹீப்ரு மொழிபெயர்ப்பிலும் கிறிஸ்தவர்களின் இலத்தீன் மொழிபெயர்ப்பிலுமே அவை பிழைத்திருக்கின்றன. அவ்வறிஞரின் வாரிசுகள் யார்? அவர் பிறந்த சமயத்தாரா, அவரைப் படித்துக் காத்தவர்களா? இருவருமே என்றுதான் நான் விடை எழுதுவேன்.

நீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிரானடாவின் அல்ஹம்பரா அரண்மனை மேட்டின்மீது இருக்கிறது. டாரோ ஆற்று நீரைச் சுமார் 6 கிலோமீட்டர் தொலைவிலேயே மறித்து, மலைச் சரிவில் வாய்க்கால் வெட்டி, மேட்டிற்குக் கொண்டுவந்தார்கள். முற்றத்தில் பன்னிரண்டு கற்சிங்கங்களின் வாய்களிலிருந்து நீர் பாய்ந்தது. ஸ்பானிய மொழியில் வாய்க்காலுக்கு இன்றும் 'அசேக்கியா' என்றே பெயர். அது அரபுச் சொல்லின் திரிபு. வலன்சியா நகரத்தில் வியாழன்தோறும் நண்பகலில், பேராலய வாயிலில் உழவர்களின் நீர் நியாயசபை கூடுகிறது. பாசன வழக்குகளை எழுத்தில்லாமல் வாய்மொழியாகவே விசாரித்துத் தீர்ப்பளிக்கிறார்கள். அவ்வழக்கம் முஸ்லிம் ஆட்சிக் காலத்தில் வேரூன்றியது என்பது மரபு. 2009 இல் யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. அங்கே கூடும் உழவர்கள் கிறிஸ்தவ மரபில் வந்தவர்கள். அரபு உழவனின் வாய்க்கால் முறையை அவர்கள் வயலில் வைத்துக் காத்து வருகிறார்கள்.

இப்போது நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம். விருந்தாளிக்கு இரண்டு கடமைகள் உண்டு. வீட்டின் ஒழுங்கை மதித்தல் ஒன்று. தான் யார் என்பதை மறவாதிருத்தல் மற்றொன்று. கொர்டோபாவில் தொழ அனுமதி வேண்டும் என்று ஸ்பெயின் நாட்டு முஸ்லிம்கள் கேட்டதுண்டு, திருச்சபை இணங்கவில்லை. கேட்டது குற்றமன்று, மறுபடி கேட்பதும் குற்றமன்று. பேச்சினால் திறக்க வேண்டிய கதவைத் தோளினால் இடிப்பதுதான் குற்றம். வீட்டுக்காரருக்கும் ஒரு கடமை உண்டு. வந்த பேரனிடம், "இதைக் கட்டியவர் உன் பாட்டனார்" என்று மறையாமல் சொல்ல வேண்டும். அறிவிப்புப் பலகையிலிருந்து முன்னோரின் பெயரைச் சுருக்குவதனால் எந்த வீட்டுக்காரருக்கும் கௌரவம் கூடிவிடாது.

கிரானடாவில் 2003 இல் முஸ்லிம்கள் புதிய பள்ளிவாசல் ஒன்றைத் திறந்தார்கள். அல்ஹம்பராவை நோக்கியபடி எதிர்க்குன்றின்மேல் அது நிற்கிறது. பழைய சுவரை மீட்கும் போராட்டமாக இல்லாமல், புதிய சுவரை எழுப்பும் முயற்சியாக அது அமைந்தது. இளைஞர் அங்கே தொழலாம். தொழுது எழுந்து எதிரேயுள்ள அரண்மனையைப் பார்க்கலாம்.

மாணவர்களே, நீங்கள் எச்சமயத்தினராயினும் ஆகுக. என்றாவது ஒருநாள் உங்கள் முன்னோரின் வேலைப்பாட்டின்முன் நிற்பீர்கள். அப்போது, "இது எங்களுடையது" என்று சொல்வதோடு நின்றுவிடாதீர்கள். அத்தூணை எப்படி நிறுத்தினார்கள், அந்நீரை எப்படி ஏற்றினார்கள், யாரிடம் கற்றார்கள் என்று கேளுங்கள். திரும்பி வந்து, அவர்கள் அறிந்தவற்றுள் ஒன்றையேனும் உழைத்துக் கற்றுக்கொள்ளுங்கள். கட்டடத்தின் சாவி யார் கையிலும் இருக்கட்டும். இவ்வாறு கற்றவனை அவ்வீட்டில் யாரும் அந்நியன் என்று சொல்ல முடியாது.