குளத்தை மூடும் வெங்காயத்தாமரை

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் பேசியதிலிருந்து)



போன மாதம் ஒரு குழுவைப் பார்க்கப் போனேன். கடன் வாங்கி, ஊர்க்குளத்தைக் குத்தகைக்கு எடுத்து மீன்குஞ்சு விட்டிருந்தார்கள். "வலை வீச இடமே இல்லீங்க, தாமரை மூடிடுச்சு" என்று வருத்தப்பட்டார்கள். பார்த்தால் அது தாமரை இல்லை, வெங்காயத்தாமரை. ஆகாயத்தாமரை என்றும் சொல்கிறோமே, அதுதான்.

எப்படி அடையாளம் காண்பது? இலைக்காம்பு வெங்காயம் போல உப்பியிருக்கும். அமுக்கினால் பஞ்சு மாதிரி இருக்கும். வேர் கறுப்பாக, இறகு போலத் தொங்கும். பூ ஊதா நிறம். மேல் இதழில் மட்டும் மஞ்சள் பொட்டு. நாட்டு வைத்தியத்தில் சொல்கிற ஆகாயத்தாமரை வேறு. அது சின்ன முட்டைக்கோசு மாதிரி, காம்பில்லாமல் மிதக்கும். அதுவும் பெருகினால் தொல்லைதான்.

இது தென் அமெரிக்கச் செடி. பூ அழகாயிருக்கிறதென்று கொண்டுவந்தார்கள். சாக்கடைத் தண்ணீரும் வயல் உரமும் குளத்தில் சேர்ந்தால் இரண்டே வாரத்தில் இரண்டு மடங்காகும். வட்டிக்கு வட்டி மாதிரி! இன்று பத்துச் செடி என்றால் இரண்டு மாதத்தில் 160. வெயிலும் காற்றும் தண்ணீருக்குள் போகாமல் மீன் மூச்சுத் திணறிச் சாகும். கொசு பெருகும்.

நான் செய்த தப்பையும் சொல்கிறேன். முன்பு ஓர் ஊரில் இரண்டு நாள் எல்லோரும் சேர்ந்து வாரி, கரையிலேயே குவித்தோம். மழை வந்ததும் அத்தனையும் மறுபடி குளத்துக்குள் போச்சு. அக்காமார்களின் இரண்டு நாள் உழைப்பு என்னால் வீணானது.

அதனால் இவற்றை மறக்காதீர்கள்:

1. பத்து, இருபது செடியாக இருக்கும்போதே வேரோடு எடுங்கள். துண்டு மிஞ்சினாலும் துளிர்க்கும்.

2. பூக்கும் முன்பே எடுங்கள். விதை சேற்றில் பல வருடம் உயிரோடு கிடக்கும்.

3. கரையில் போடாமல் தள்ளி மேட்டில் காயவையுங்கள். வாடியதும் சாணத்தோடு அடுக்கி மக்கவைத்தால் உரமாகும். சாக்கடை கலக்கும் குளத்துச் செடியை மாட்டுக்குப் போடாதீர்கள்.

4. தனியாக இறங்காதீர்கள். அடியில் பாம்பு இருக்கலாம், ஆழமும் தெரியாது. கரையிலிருந்தே கயிறு, வாருகோலால் இழுங்கள்.

5. குடிக்கிற, மாடு குளிப்பாட்டுகிற குளத்தில் களைக்கொல்லி வேண்டவே வேண்டாம்.

குளம் முழுக்க மூடிவிட்டால் நம் கையால் மட்டும் முடியாது. கிராம சபையில் எழுந்து கேளுங்கள். மனு கொடுத்து இயந்திரம் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். சாக்கடையைக் குளத்தில் விடுவதை நிறுத்தச் சொல்லியும் கேளுங்கள். அதை நிறுத்தாமல் செடியை மட்டும் எடுத்தால் திரும்ப வரும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்க ஊர்க்குளத்தை ஒருதரம் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.