நடுவர் கையில் எழுதுகோல்



பூம்புகாரில் பட்டிமண்டபம் இருந்ததைச் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் கூறுகின்றன. அங்கு ஏறி வாதிட்டோர்க்கு மதிப்பெண் இட்டதாக இரு காப்பியங்களிலும் செய்தி இல்லை. இன்றைய மாணவனுக்கோ எண்ணே தீர்ப்பு.

அவ்வெண்ணை எவ்வாறு இடுவது? 1988-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய உலகப் பள்ளிகள் விவாதப் போட்டி இதனை ஆழ்ந்து வகுத்துள்ளது. அணிக்கு மூவர், ஆளுக்கு எட்டு நிமிடம், இறுதியில் நான்கு நிமிடத் தொகுப்புரை. கருத்துக்கு 40, நடைக்கு 40, உத்திக்கு 20. எனினும் எட்டு நிமிடப் பேச்சுக்குரிய மதிப்பெண் 60-க்கும் 80-க்கும் இடையிலேயே நிற்கும், 70 நடுத்தரம்.

நடைக்கும் கருத்துக்கும் ஒரே அளவு என்பது சிந்திக்கத்தக்கது. நம் மேடைகளில் கணீரென்ற குரலும் மேற்கோள் மழையும் கைதட்டலைப் பெற்றவுடனேயே நடுவரின் எழுதுகோல் இளகிவிடுகிறது. கவிஞர் பெருமக்கள் நடுவராக அமர்ந்தால், நடைக்குரிய நாற்பது, கருத்துக்குரிய நாற்பதையும் விழுங்கிவிடுவதுண்டு, கவிஞர்கள் பொறுத்தருள்க! நா நடுங்க, ஆனால் சரியான காரணத்தைச் சொன்ன பிள்ளை அங்கேதான் தோற்கிறாள்.

மற்றொரு நுட்பம். நொய்ந்த வாதத்தை எதிரணி தொடாமல் விட்டாலும் அது வலிமை பெற்றுவிடாது. தொடாமல் விட்ட அணிக்கும் இழப்புண்டு. நடுவர் தம் புலமையைக் கொண்டு ஓர் அணிக்குத் துணைபோகலாகாது. பொது அறிவுடைய ஒருவரின் செவியோடுதான் அவர் கேட்க வேண்டும்.

வெற்றியைக் கூட்டுத்தொகை முடிவு செய்வதில்லை என்பதே அம்முறையின் உயிர்நிலை. நடுவர் மூவரில் இருவர் முதல் அணிக்கு 252, இரண்டாம் அணிக்கு 251 இடுகின்றனர் என்று கொள்வோம். மூன்றாமவர் முதல் அணிக்கு 244, மற்றதற்கு 253 இடுகிறார். கூட்டினால் 748-க்கு 755. இரண்டாம் அணி முந்துகிறது. ஆயினும் வென்றது முதல் அணியே! இருவர் தீர்ப்பை ஒருவரின் தாராளமோ சினமோ புரட்டிவிட முடியாது.

நம் பள்ளி மேடைகளிலோ, ஓரத்தில் ஓர் ஆசிரியர் மூன்று தாள்களையும் கூட்டிப் பெயரை அறிவிப்பதே பெரும்பாலும் வழக்கம். காரணம் சொல்லப்படுவதில்லை. பரிசுக் கோப்பை கைமாறும் வேளையில், தோற்ற பிள்ளை தன் குறிப்புத்தாளை மடித்தபடி நடுவர் இருக்கையை நோக்கி நிற்கிறாள். அதற்குள் நடுவர் பொன்னாடையோடு வண்டி ஏறியிருப்பார்.