பாஸ்போர்ட்டுக்கும் உண்டு எஃப்.சி.!

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெளிநாட்டு வேலைக்குத் தயாராவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். இன்டர்வியூ, ஆங்கிலம், சம்பளம் பற்றியெல்லாம் எனக்கு முன் பேசிய அண்ணன்கள் நன்றாகவே சொல்லிவிட்டார்கள். நான் ஒரு சின்ன விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சின்ன விஷயம்தான், ஆனால் கைக்கு வந்த ஒரு நல்ல வேலையை நான் அதில்தான் கோட்டைவிட்டேன்.

நான் 2010ல் மெக்கானிக்கல் முடித்தவன். மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, 2008 நவம்பரில், எதற்கும் இருக்கட்டும் என்று பாஸ்போர்ட் எடுத்தேன். எங்கள் ஹாஸ்டல் அறையில் முதலில் எடுத்தவன் நான்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் செய்த அலட்டல் முன்வரிசையில் இருக்கும் நண்பர்களுக்குத் தெரியும், அதனால்தான் சிரிக்கிறார்கள். பத்து வருடம் செல்லும். 2018 நவம்பர் வரை.

2018 ஜூலையில், நான் வேலை பார்த்த கம்பெனி சிங்கப்பூரில் ஒரு இயந்திரத்துக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. நேரில் போய்ப் பார்த்து, கப்பலில் ஏற்றலாம் என்று சொல்ல வேண்டியது என் பொறுப்பு. அதை ஒழுங்காக முடித்து வந்தால் அங்குள்ள கிளையில் இரண்டு வருடப் பணி என்று பேச்சு. முந்தைய பயணத்துக்கு எடுத்த விசா அப்போதும் செல்லுபடியில் இருந்தது. பாஸ்போர்ட்டிலோ இன்னும் நான்கு மாதம் பாக்கி. போவது பத்து நாள். வேறென்ன வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

எங்கள் ஊர் ராசிபுரம் பக்கம். அப்பா ஓய்வு பெற்ற லாரி டிரைவர். "நானே கொண்டாந்து உடறேன் கண்ணு" என்று கோவை விமான நிலையம் வரை காரை அவரே ஓட்டி வந்தார்.

கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் புரட்டினார்; கணினியைப் பார்த்தார்; மறுபடியும் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். "சார், ஆறு மாசம் வேலிடிட்டி இல்லைங்க. உங்களை ஏத்த முடியாது" என்றார். விசாவைக் காட்டினேன். ரிட்டர்ன் டிக்கெட்டைக் காட்டினேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "விசா சரிங்க சார். பாஸ்போர்ட் பத்தாது" என்று சொல்லிவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார்.

வெளியே வந்தேன். விமானம் கிளம்பும் வரை இருப்போம் என்று அப்பா நின்றுகொண்டிருந்தார். பெட்டியோடு என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. வழியெல்லாம் பேச்சில்லை. சங்ககிரியில் டீ குடிக்க நிறுத்தினோம். அப்போதுதான் வாயைத் திறந்தார்: "முப்பது வருஷம் வண்டி ஓட்டுனேன். எஃப்.சி. எப்ப முடியுது, பர்மிட் எப்ப முடியுது, இன்சூரன்ஸ் எப்ப முடியுதுன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். தேதி வர்றதுக்கு முன்னாலயே வண்டிய தயார் பண்ணிருவோம். நீ உன்னுத பாக்காம உட்டுட்டியே கண்ணு."

அவர் சொன்னதில் கோபமே இல்லை. அதனால்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

கம்பெனி வேறொருவரை அனுப்பியது. கிளைப் பணியும் அவருக்கே போயிற்று. அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஏன் இந்த ஆறு மாதம்? போன இடத்தில் நோய்நொடி வரலாம், திரும்புவது தள்ளிப்போகலாம். அப்போது கையில் செல்லாத பாஸ்போர்ட்டோடு ஒருவர் தங்கள் மண்ணில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று நாடுகள் நினைக்கின்றன. சிங்கப்பூர், மலேசியா, ஐக்கிய அரபு அமீரகம் எல்லாம் நுழையும்போது ஆறு மாதம் கேட்கின்றன. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில், கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் இருக்க வேண்டும். விதிக்கு மாறாக ஒருவரை ஏற்றிப் போனால், திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு விமானக் கம்பெனி தலையில் விழும். அதனால் அவர்கள் நம்மைக் கவுண்டரிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

அமெரிக்கா போகும் தம்பிகள் இதைக் கவனியுங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாத விதியை அங்கே தளர்த்தியிருக்கிறார்கள். ஆனால் பள்ளம் வேறு இடத்தில். ஹெச்-1பி அனுமதி மூன்று வருடத்துக்கு இருந்தாலும், பாஸ்போர்ட் ஒரு வருடத்தில் முடிகிறது என்றால், ஐ-94 பதிவில் பாஸ்போர்ட் முடியும் தேதி வரை மட்டுமே தங்க அனுமதி கொடுக்கக்கூடும். விசாவில் உள்ள தேதியையே நம்பி இருந்தால், தெரியாமலே சட்டத்துக்குப் புறம்பாகத் தங்கியவர் ஆகிவிடுவோம்.

மூத்த அண்ணன்கள் சிலருக்கு இன்னொன்று நினைவிருக்கும். கையால் எழுதிய பாஸ்போர்ட்டுகளை 2015 நவம்பர் 24க்குப் பிறகு உலக நாடுகள் மறுக்கலாம் என்று ஆனது. இருபது வருடத்துக்கு என்று வாங்கியவர்கள்கூட மாற்ற வேண்டி வந்தது. ஆக, பாஸ்போர்ட்டில் அச்சிட்டிருப்பது கடைசித் தேதி. அது பயன்படும் தேதி அதற்கு வெகு முன்பே முடிந்துவிடுகிறது.

இப்போது கணக்குக்கு வருவோம், இன்ஜினியர்கள்தானே! முடிவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். பழையதில் மீதியுள்ள மாதங்கள் புதியதில் சேராது, நஷ்டம்தான். எவ்வளவு நஷ்டம்? 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய். பத்து வருடத்துக்கு 120 மாதம். மாதத்துக்குப் பன்னிரண்டரை ரூபாய். ஒரு வருடம் முன்கூட்டிப் புதுப்பித்தால் போவது 150 ரூபாய். கடைசி நேரத்தில் தட்கலுக்கு ஓடினால் கூடுதலாக 2,000 ரூபாய். நான் இழந்ததை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

முகவரி மாறியிருந்தால் போலீஸ் விசாரணைக்கும் நாள் பிடிக்கலாம். ஓசூரிலும் பெங்களூரிலும் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள் அதையும் கணக்கில் வையுங்கள். பழைய புத்தகத்தில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் பயப்பட வேண்டாம்; பழையது, புதியது இரண்டையும் சேர்த்து எடுத்துப் போகலாம்.

அந்த ஆகஸ்டிலேயே சேலம் தபால் நிலையத்தில் உள்ள பாஸ்போர்ட் சேவை மையத்துக்குப் போனேன். 2017ல் தொடங்கிய மையம் அது. காலையில் போனவன் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். அரை நாள் வேலை! அதை மூன்று மாதம் முன்னால் செய்யவில்லை, அவ்வளவுதான்.

புதிய புத்தகம் வந்ததும் அப்பா அதை வாங்கிப் பார்த்தார். 2028 ஆகஸ்ட் என்று இருந்தது. எங்கள் வீட்டுப் பீரோக் கதவின் உள்பக்கம் அந்தக் காலத்து எஃப்.சி. தேதிகளை அவர் எழுதி வைத்திருப்பார். அதற்குக் கீழே "தம்பி பாஸ்போர்ட், 2027 ஆகஸ்ட்" என்று எழுதினார். "2028ங்கப்பா" என்றேன். "அது அவங்க தேதி. இது நம்ம தேதி" என்றார்.

தம்பி, தங்கைகளே, வெளிநாடு போகும் எண்ணம் இன்று இல்லாவிட்டாலும் சரி, வீட்டுக்குப் போனதும் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். அவர்கள் தேதியிலிருந்து ஒரு வருடம் கழித்து, உங்கள் தேதியைக் கண்ணில் படும் இடத்தில் எழுதி வையுங்கள்.