சண்டை போடவாவது ஒருத்தி வேணும்



'துன்பத்தில் மனிதனுக்குக் கைகொடுப்பது தன்னம்பிக்கையா, தெய்வ நம்பிக்கையா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ஒரு போடு போட்டார். "பட்டாசு ஆலையில் தீப்பிடித்தால் மணல் வாளியைத் தேடுவீங்களா, மாரியம்மனைத் தேடுவீங்களா?" நீங்களும் கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன். நல்லா இருந்தா தட்டித்தானே ஆகணும்! (சிரிப்பு)

தம்பி, மணல் வாளியைத்தான் தேடுவோம். இதிலே என்ன சந்தேகம்? தீப்பிடிச்ச இடத்திலே எங்க ஊர்ப் பொம்பளை யாரும் கற்பூரம் கொளுத்திக்கிட்டு நிக்க மாட்டா. ஆனால் மணல் வாளி இருந்தும் ஒண்ணும் செய்ய முடியாமப் போச்சே, அந்த வீட்டிலே அடுத்த நாள் எப்படி விடியும்? தலைப்பு அதைப் பற்றியது ஐயா.

எங்கள் பூமி கரிசல் பூமி. மழை குறைவு. 1920களின் தொடக்கத்திலே அய்ய நாடார், சண்முக நாடார் என்று இரண்டு பேர் சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். பயிரைக் கருக்கின வெயில், மருந்து காயவைக்கிற வெயிலாச்சு. அதிலிருந்து பட்டாசு வந்தது, அச்சுத்தொழில் வந்தது. இது தன்முயற்சிதானே என்று எதிரணியிலே தலையாட்டுகிறார்கள். ஆட்டுங்க, ஆட்டுங்க. (சிரிப்பு) ஆனால் அதற்கு முந்தின கதையையும் கேளுங்க.

1899-ல் சிவகாசியிலே பெரிய கலவரம். நாடார்கள் கோயிலுக்குள் வரக்கூடாது என்ற தகராறு முற்றி, ஊரையே சூறையாடின கலவரம். 'உள்ளே வராதே' என்று சொன்ன பிறகு மனுஷன் என்ன செய்வான்? 'போய்யா, நீயும் உன் சாமியும்' என்று போயிருக்கலாம். அப்படி வேறு மதத்துக்குப் போனவர்களும் உண்டு. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பலர் போகலை. பத்திரகாளியையும் மாரியம்மனையும் தாங்களே கோயில் கட்டிக் கும்பிட்டார்கள். வியாபாரத்திலே மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து வைத்தார்கள். அந்தப் பொதுப் பணம் அம்மனுக்கு விளக்கேற்றியது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் நடத்தியது. விருதுநகர் க்ஷத்திரிய வித்யாசாலைக்கு வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைத்தார்கள் ஐயா. அந்தப் பள்ளிக்கூடத்திலே படிச்ச பையன்தான் காமராஜர். (கைதட்டல்) கடவுள் பக்கம் திரும்பினவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான் என்று தம்பி சொன்னாரே, எங்க ஊருக்கு ஒரு நடை வந்து பார்க்கச் சொல்லுங்க.

இப்போ எங்க வீட்டுக் கதைக்கு வர்றேன்.

எங்க சின்னம்மா பட்டாசு ஆலையிலே வேலை பார்த்தவங்க. சித்தப்பாவும் அதே தொழில். ஒருநாள் காலையிலே தூக்குவாளியிலே கஞ்சியோட போனவர், சாயங்காலம் வரலை. எந்த ஆலை, எந்த வருஷம் என்பதெல்லாம் வேண்டாம். அன்றைக்குச் சின்னம்மா ஒரு காரியம் செய்தாங்க. சுவரிலே மாரியம்மன் படம் போட்ட கேலண்டர் மாட்டியிருந்தது. சாமிப் படக் கேலண்டருக்கு எங்க ஊரிலே பஞ்சமா? கோவில்பட்டி கொண்டையராஜு வரைந்த சாமிகளே சிவகாசியிலே அச்சாகித்தானே ஊரெல்லாம் போச்சு! அந்த அம்மனைச் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டிட்டாங்க. "எம்புட்டு வருஷம் உன்னைப் பார்த்தேன், ஒரு நிமிஷம் நீ என்னைப் பார்க்கலையே"ன்னு ஒரே வார்த்தை. அதுக்கப்புறம் கோயில் வாசலை மிதிக்கலை.

2012 செப்டம்பர் 5. ஆசிரியர் தினம். நான் பள்ளிக்கூடத்திலே இருக்கேன். சிவகாசி பக்கம் முதலிப்பட்டியிலே ஆலை வெடிச்சு 35 பேருக்கு மேல போயிட்டாங்க. உதவி செய்ய ஓடினவங்களும் அதிலே சேர்த்தி. ராத்திரி சின்னம்மா வீட்டுக்குப் போனேன். விளக்குகூடப் போடலை. "அதுல எத்தனை பேரு அவளைக் கும்பிட்டுட்டுப் போனாளோ" என்றாங்க. என்னால பதில் சொல்ல முடியலை. இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை ஐயா. கும்பிட்டா வெடிக்காது என்று பேச நான் இந்த மேடைக்கு வரலை.

பிறகு 2018. பேரியம் கூடாது, சரவெடி கூடாது என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அந்தத் தீபாவளி முடிந்ததும் ஆலைகள் மாதக்கணக்கிலே மூடிக் கிடந்தன. சின்னம்மா அன்றாடங்காய்ச்சி. நான் கொஞ்சம் அரிசியும் பணமும் எடுத்துக்கொண்டு போறேன். உள்ளே யாரையோ வைது தள்ளுறாங்க. 'கடன்காரன்தான் வந்துட்டான்போல'ன்னு பயந்து எட்டிப் பார்த்தேன். யாருமில்லை. கேலண்டர் திரும்பியிருக்கு! அம்மனை நேருக்கு நேராப் பார்த்து, இடுப்பிலே கைவச்சு வைறாங்க. (சிரிப்பு) பழைய கேலண்டர், தாளெல்லாம் எப்பவோ தீர்ந்துபோச்சு, அம்மன் மட்டும் பாக்கி.

"என்ன சின்னம்மா, சமாதானம் ஆயிட்டீங்களா?"ன்னேன்.

"சமாதானமாவது! இத்தனை வருஷம் சுவத்தைப் பார்த்துக்கிட்டு நானே என்னைய வஞ்சுக்கிட்டு இருந்தேன் தாயி. அன்னைக்கு அவரைப் போகாதேன்னு சொல்லியிருக்கலாம்ல, உடம்புக்கு முடியலைன்னு பொய் சொல்லியிருக்கலாம்லன்னு. எத்தனை நாளைக்கு நம்மளையே வையிறது? சண்டை போடவாவது ஒருத்தி வேணும்ல!" (நீண்ட கைதட்டல்)

எதிரணியிலே இதற்குப் பதில் வைத்திருப்பார்கள். 'அது மனசைத் தேற்றிக்கொள்கிற வழி, அவ்வளவுதான்' என்பார்கள். இருக்கட்டுமே! பட்டாசு வேலையிலே நினைப்பு எங்கேயோ இருந்தால் ஆகாது, கை நடுங்கினால் ஆகாது. ஓர் உரசல் போதும். சின்னம்மா மறுபடி வேலைக்குப் போனபோது, செருப்பை வாசலிலே விடுகிற மாதிரி கவலையையும் அம்மன் முன்னால இறக்கி வச்சிட்டுத்தான் போனாங்க. சாயங்காலம் வந்து மறுபடி எடுத்துக்குவாங்க, அது வேற விஷயம். (சிரிப்பு)

2020 பங்குனிப் பொங்கலுக்கு அக்கினிச்சட்டி எடுக்கிறதா நேர்ந்துக்கிட்டாங்க. அந்தப் பங்குனியிலேதான் ஊரடங்கு வந்து கோயில் நடையைச் சாத்திட்டாங்க. "பார்த்தியா, நான் அவளைச் சுவத்துல திருப்பினேன், அவ என்னைய வாசல்லயே திருப்பிட்டா"ன்னு சிரிக்கிறாங்க ஐயா! எத்தனையோ வருஷம் கழிச்சு அந்தச் சிரிப்பை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஊரடங்கெல்லாம் போன பிறகு நேர்ச்சையைச் செலுத்தினாங்க. வருஷம் முழுக்க நெருப்புக்குப் பயந்து, தீக்குச்சி உரசினாலே திரும்பிப் பார்க்கிற பொம்பளை. கையிலே வேப்பிலை, அதுமேல சட்டி, சட்டி நிறைய நெருப்பு. பின்னாலேயே நான் தண்ணிச் செம்போட ஓடுறேன். பாதி வழியிலே எனக்குத்தான் கால் பின்னுது. "சின்னம்மா, சுடுதா?"ன்னு கேட்டேன். "பேசாம வா தாயி, அவகிட்ட இன்னும் கேட்க வேண்டியது பாக்கி இருக்கு"ன்னு சொல்லிட்டு நடந்தாங்க.

நடுவர் ஐயா மணியிலே கை வைத்துவிட்டார். (கைதட்டல்)