வண்டிக்கு முன் புத்தகத்தைப் பாருங்கள்

(தொடர் கல்வி மையத்தில் ஆற்றிய உரை)

இன்றைய பேச்சு பழைய வண்டி வாங்குவது பற்றியது.

எலப்புள்ளியில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கணவருக்குக் கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை. இரவு ஷிப்டு முடிந்தால் பஸ் கிடைப்பதில்லை. ஒரு பைக் வேண்டும். புது பைக் வாங்க வசதி இல்லை. சீட்டுப் பணம் 30,000 ரூபாய் கையில் இருக்கிறது.

ஒரு புரோக்கர் பைக் கொண்டுவருகிறார். பைக் பளபளவென்று இருக்கிறது. உடனே ஸ்டார்ட் ஆகிறது.

"கோயம்புத்தூர் வண்டி அண்ணா. விலை குறைவு. இன்றைக்கே பணம் கொடுத்தால் இன்றைக்கே எடுத்துக்கொண்டு போகலாம். பேர் மாற்றுவதை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்.

கணவர் பணத்தை எடுக்கப் போகிறார். மனைவி தடுக்கிறார்.

"அண்ணா, முதலில் ஆர்.சி. புத்தகத்தைக் காட்டுங்கள்" என்கிறார்.

அவர் கேட்டது சரிதான். ஏன்?

ஆர்.சி. என்பது வண்டியின் பதிவுச் சான்று. முன்பு அது புத்தகமாக இருந்தது. பிறகு அட்டையாக வந்தது. இப்போது கைப்பேசியிலும் பார்க்கலாம். அதில் யார் பேர் இருக்கிறதோ, அவரைத்தான் சட்டம் சொந்தக்காரர் என்று பார்க்கும். பணம் கொடுத்தேன் என்று சொன்னால் போதாது.

ஒரு வழக்கைக் கேளுங்கள். 2009-ஆம் ஆண்டு ஒரு கார் மோதியது. ஒருவர் இறந்தார். இன்னொருவர் காயப்பட்டார். அந்தக் கார் பல கை மாறி விற்கப்பட்டிருந்தது. ஆனால் ஆர்.சி.யில் பேர் மாற்றவே இல்லை. முதலில் விற்றவரின் பேரே இருந்தது. காருக்கு இன்சூரன்சும் இல்லை. நஷ்ட ஈடு யார் தருவது? வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. ஆர்.சி.யில் பேர் உள்ளவரே பொறுப்பு என்று நீதிமன்றம் சொன்னது. காரை எப்போதோ விற்றவர்தான் மாட்டிக்கொண்டார்.

ஆகவே பேர் மாற்றம் வாங்குகிறவருக்கும் காவல், விற்கிறவருக்கும் காவல்.

சரி, அந்த அம்மா ஆர்.சி.யில் என்னென்ன பார்க்க வேண்டும்?

ஒன்று, பேர். ஆர்.சி.யில் உள்ள பேரும் விற்கிறவரின் அடையாள அட்டையில் உள்ள பேரும் ஒன்றா? புரோக்கரின் பேச்சு போதாது. சொந்தக்காரரையே நேரில் பார்க்க வேண்டும். அவர் இறந்திருந்தால், வாரிசு முதலில் தன் பேருக்கு மாற்ற வேண்டும். பிறகுதான் விற்க வேண்டும்.

இரண்டு, எண்கள். ஆர்.சி.யில் சேஸிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் இருக்கும். அதே எண்கள் வண்டியின் இரும்பிலும் கொத்தியிருக்கும். பைக்கில் சேஸிஸ் நம்பர் பெரும்பாலும் ஹேண்டில் பாருக்குக் கீழே, கழுத்துப் பகுதியில் இருக்கும். அழுக்கைத் துடையுங்கள். அதன்மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேயுங்கள். எண் தாளில் பதியும். ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் படியுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் வாங்காதீர்கள். சுரண்டிய அடையாளம் இருந்தாலும் வாங்காதீர்கள். அது திருட்டு வண்டியாக இருக்கலாம்.

மூன்று, கடன். கடன் வாங்கி எடுத்த வண்டி என்றால், கடன் கொடுத்த கம்பெனியின் பேர் ஆர்.சி.யில் இருக்கும். "கடனைக் கட்டியாச்சு" என்று வாயால் சொன்னால் போதாது. கம்பெனியின் கடிதமும், கம்பெனி கையெழுத்துப் போட்ட படிவம் 35-ம் வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்குக் கம்பெனி ஆள் வந்து வண்டியைக் கேட்பார்.

நான்கு, தேதிகள். பைக், கார் போன்ற சொந்த வண்டிகளுக்குப் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். எத்தனை ஆண்டு மிச்சம் என்று கணக்குப் போடுங்கள். இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை, புகைச் சான்று எந்தத் தேதி வரை என்றும் பாருங்கள்.

ஐந்து, அபராதம். கேமராவில் பிடித்த அபராதமும் வண்டி எண்ணின்மேல்தான் ஏறும். அக்ஷயா மையத்துக்குப் போங்கள். வண்டி எண்ணைக் கொடுங்கள். பரிவாகன் இணையதளத்தில் அபராதப் பாக்கியைப் பார்த்துச் சொல்வார்கள். கடன், இன்சூரன்ஸ் விவரங்களும் தெரியும்.

ஆறு, எந்த மாநில வண்டி? பாலக்காடு வண்டிக்கு எண் கே.எல். 09 என்று தொடங்கும். டி.என். 37, 38, 66 என்று தொடங்கினால் கோயம்புத்தூர் வண்டி. எலப்புள்ளிக்கு வாளையார் பக்கம்தான். எல்லை தாண்டினால் விலை குறைவாகத் தெரியும். ஆனால் அங்குள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். அது படிவம் 28. வேறு மாநில வண்டி 12 மாதங்களுக்கு மேல் இங்கேயே இருந்தால், இங்கே புது எண் வாங்க வேண்டும். கேரளத்தில் வரியும் கட்ட வேண்டும். வரி எவ்வளவு என்று பாலக்காடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலிலேயே கேளுங்கள். அதையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். பிறகு விலை குறைவா கூடுதலா என்பது தெரியும்.

எல்லாம் சரியாக இருந்தால் வாங்கலாம். படிவம் 29, விற்கிறவர் தரும் அறிவிப்பு. படிவம் 30, பேர் மாற்றும் விண்ணப்பம். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வேறு மாநிலம் என்றால் 45 நாள். வாங்கியவருக்கு 30 நாள். இன்சூரன்சிலும் 14 நாளுக்குள் பேர் மாற்றக் கேட்க வேண்டும்.

ஒன்றை மறக்காதீர்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு வண்டியைக் கை மாற்றிக்கொண்டே போவார்கள். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். வாங்குகிறவரின் பேர், வண்டி எண், தேதி எல்லாம் எழுதிய பிறகே கையெழுத்து. பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். ரசீது வாங்குங்கள்.

அந்தக் குடும்பத்துக்கு வருவோம். மனைவி ஆர்.சி.யை எழுத்துக் கூட்டிப் படித்தார். கடன் கம்பெனியின் பேர் இருந்தது.

"அதெல்லாம் கட்டியாச்சு அக்கா" என்றார் புரோக்கர்.

"அப்படியானால் கம்பெனிக் கடிதத்தைக் கொண்டுவாருங்கள். நாங்கள் காத்திருக்கிறோம்" என்றார் மனைவி.

புரோக்கர் போனவர் திரும்பி வரவில்லை. கணவருக்கு முதலில் வருத்தம்தான். இன்னும் இரண்டு மாதம் இரவில் நடந்து வந்தார். பிறகு பக்கத்து ஊரில் ஒரு பைக் கிடைத்தது. பேர் சரி, எண் சரி, கடன் இல்லை. இருவரும் சேர்ந்து ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போனார்கள். இன்று ஆர்.சி.யில் அவர் பேர் இருக்கிறது.

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் அந்த அம்மா செய்ததை இங்கே இருக்கும் ஒவ்வொருவரும் செய்யலாம். பேரைப் படிக்கத் தெரியும். எண்ணைப் படிக்கத் தெரியும். தேதியைப் படிக்கத் தெரியும். இந்த மூன்றும் போதும். முதலில் படியுங்கள். பிறகு பணத்தை எடுங்கள்.