பத்து வயதோடு மூடிய கதவு

(சப்ரகமுவ மாகாணத் தோட்டப் பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



ஆண்பிள்ளைகளின் கலாசாலை ஒன்றின் சரித்திரத்தைச் சொல்லுமாறு எம்மைப் பணித்திருக்கிறீர்கள். கொழும்பிலே பேசுவதாயின் அது எளிய காரியம். நாம் வழக்காடச் செல்லும் புதுக்கடையிலே 1835இல் மார்ஷ் பாதிரியார் தொடங்கிய சிறு பள்ளி, மறு ஆண்டே கொழும்பு அக்கடமியாகி, 1881இல் றோயல் கல்லூரி என்று பெயர் பெற்றது. யாழ்ப்பாணத்திலே பேசுவதாயின் இன்னும் முன்னே செல்லலாம். வட்டுக்கோட்டைச் செமினறி எழுந்தது 1823இல். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டப் பையனுக்கு அத்தகைய கலாசாலை எது? கட்டப்படாத கலாசாலைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதனையே இன்று சொல்லப் புகுகிறோம்.

1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குப் பள்ளி வைக்கும் கடமையைத் தோட்டத்துரையின் தலையில் வைத்தது. எந்தப் பிள்ளைகளுக்கு? ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ளவர்களுக்கு! பத்து வயதுக்கு மேல் அப்பிள்ளை என்ன ஆவான் என்று சட்டம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் துரைமாருக்கு இருக்கவில்லை. கொழுந்துக் கூடையும் பால்வெட்டுக் கத்தியும் காத்திருந்தன அன்றோ! ஒரு கூடம், ஓர் ஆசிரியர், அவர்முன் எல்லா வகுப்பும், இதுவே பள்ளி. அந்த ஆசிரியரை நாம் குறைகூற மாட்டோம். சொற்பச் சம்பளத்திலே, துரையின் தயவிலே, பலகையும் புத்தகமுமின்றி அரிச்சுவடி சொல்லித் தந்தவர்கள் அவர்கள். அவர்கள் இல்லையெனில் இன்று இக்கூட்டத்தின் துண்டுப்பிரசுரத்தைப் படிக்க ஆளிருந்திராது.

1945இல் இந்நாட்டிலே கல்வி இலவசமாயிற்று. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை இலவசம் என்றார்கள். ஆனால் ஐந்தாம் வகுப்போடு படிக்கட்டு முடிந்துவிடும் வீட்டிலே மேல்மாடி இலவசமென்றால் ஏறுவது எப்படி? 1947இல் ஒரு திருத்தச் சட்டம் வந்தது. தோட்டம் கட்டடமும் நிலமும் ஒதுக்க வேண்டும், பள்ளி தேசியக் கல்வியோடு இணைய வேண்டும் என்பது அதன் நோக்கம். நல்ல சட்டமே. ஆயின் மறு ஆண்டு குடியுரிமைச் சட்டமும், 1949இல் தேர்தற் சட்டத் திருத்தமும் வந்து தோட்டத் தகப்பனின் வாக்கைப் பறித்தன. வாக்கில்லாதவனுக்குப் பள்ளி கேட்க எந்தப் பிரதிநிதி எழுவார்? சட்டம் ஏட்டிலே கிடந்தது. 1960இலும் 1961இலும் உதவி பெறும் பள்ளிகளை அரசு ஏற்றபோது கூட, தோட்டப் பள்ளி படலைக்கு வெளியே நின்றது.

இதற்கெல்லாம் அடியிலே கிடப்பது நிலம். பள்ளி துரையின் நிலத்திலே. பிள்ளை துரையின் லயத்திலே. தகப்பன் வெளியேற்றப்பட்டால் பிள்ளையின் பெயரும் இடாப்பிலிருந்து போய்விடும். கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்தை மறவாதீர்கள். கிராம விஸ்தரிப்புக்கென அரசு அதனை எடுத்துத் தொழிலாளரை வெளியேறச் சொன்னது. அவர்கள் மறுத்தார்கள், அத்துமீறியோர் என்று குற்றஞ் சாட்டப்பட்டார்கள், 1946இல் வேலைநிறுத்தம் மூண்டது. வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. வாழ்நாளெல்லாம் குடியிருந்த ஒரே வீட்டில் தங்க விரும்பியவன், பிறரைத் தொந்தரவு செய்யும் எண்ணத்தோடு இருந்தான் எனல் ஆகாது என்று 1950இல் தண்டனை தள்ளப்பட்டது. சட்டம் பயின்ற எமக்கு அத்தீர்ப்பு இனிக்கிறது. ஆனால் அது குற்றத்தை நீக்கியதேயன்றி ஓரடி நிலத்தைக் கொடுக்கவில்லை.

பின் வந்தவற்றை நீங்கள் அறிவீர்கள். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி கப்பலேறியோர் பலர். 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1977 முதல் தோட்டப் பள்ளிகளை அரசு கட்டங்கட்டமாக ஏற்கத் தொடங்கியது. அதே 1977இல்தான் இம்மாகாணத்திலும் லயங்கள் எரிந்தன. 1981இல் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பக்கங்களில் மீண்டும் எரிந்தன. வவுனியாவுக்கு நடந்தவர்களின் பிள்ளைகள் எந்த வகுப்பில் விட்டுப் போனார்கள் என்பதை எந்த இடாப்பும் சொல்லாது.

நுவரெலியாவைப் பார்த்து, அங்கே வளர்ந்த பள்ளிகள் இங்கே ஏன் வளரவில்லை என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். கேள்வியே பிழை. அங்கே தோட்டத்தைத் தொட்டுத் தோட்டம். இங்கே சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிய சிறு தோட்டங்கள். ஒரு தோட்டத்துப் பிள்ளைகளைக் கொண்டு உயர்வகுப்பு ஒன்றை நிரப்புதல் அரிது. ஆகவே உயர்தரப் பாடசாலை நகரத்திலே அமைய வேண்டும். அதனோடு மாணவர் விடுதியும் அமைய வேண்டும். றப்பரையும் தேயிலையையும் இறக்குவதற்கு எட்டியாந்தோட்டைக்கு 1903இலும் இரத்தினபுரிக்கு 1912இலும் புகைவண்டி வந்தது. பலகை சுமந்த பையனுக்கு அப்படியொரு பாதை போட எவரும் அவசரப்படவில்லை. இரு மாவட்டங்களிலும் உயர்தரத்திலே விஞ்ஞானமும் கணிதமும் தமிழிற் கற்பிக்கும் பாடசாலைகள் இன்றும் விரல்விட்டு எண்ணத்தக்கனவே.

அதனால் நாம் தயாரித்துள்ள மனுவில் முதற் கோரிக்கை கட்டடமன்று, உறுதி. பள்ளி அரசினது, அது நிற்கும் நிலம் கம்பனியின் குத்தகையில் என்னும் நிலை பல இடங்களில் உண்டு. பள்ளி நிலத்தை அளந்து, வரைபடமிட்டு, கல்வித் திணைக்களத்தின் பெயருக்கு மாற்றித் தரவேண்டும். அடுத்து நகர விடுதி. பத்துப் பன்னிரண்டு மைல் பேருந்திலே வந்து, மழைக்காலத்தில் வகுப்பைத் தவறவிட்டு, பத்தாம் வகுப்பில் நின்றுவிடும் பையனை விடுதியே காக்கும். ஆசிரியர் நியமனத்தை மூன்றாவதாக வைத்ததற்கு இங்குள்ள ஆசிரியர்கள் எம்மீது வருந்தலாம். தங்க இடமில்லாத ஊருக்கு நியமனம் பெற்றவர் எத்தனை நாள் நிற்பார் என்பதை அவர்களே அறிவார்கள்.

வடபுலத்து நண்பர்களே, வெங்காயமும் புகையிலையும் விற்ற காசில் உங்கள் பாட்டனார் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். அவர்களுக்குச் சொந்தக் காணி இருந்தது. இவர்களுக்கு அது இல்லை. இம்மனுவில் உங்கள் கையொப்பமும் வேண்டும்.

பெற்றோர் வாயிலருகே வரிசையாக வரலாம். பள்ளியை விட்டு நின்ற பிள்ளையின் பெயர், வயது, நின்ற வகுப்பு ஆகியவற்றை மேசையில் உள்ளவர்கள் பதிவார்கள். பிறப்புச் சாட்சிப் பத்திரம் இல்லாதவர்கள் அதனையும் சொல்லுங்கள். அதற்குரிய விண்ணப்பத்தை இன்றே கட்டணமின்றி எழுதித் தருகிறோம்.